வித்தின் வாய்மை கண்ட விஞ்ஞானி

1869ஆம் ஆண்டு ஊவா மலைநாட்டார் மறக்கவொண்ணாத ஆண்டு. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியிலிருந்து நோயுற்ற கோப்பி இலைகள் அவ்வாண்டிலேதான் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அப்பூங்காவின் தலைவராய் அந்நாளில் விளங்கிய துவெயிட்ஸ் என்னும் அறிஞர், இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருக்கக் கண்டு, இங்கிலாந்தில் வாழ்ந்த பூசணவியல் அறிஞர் பேர்க்லிக்கு அவற்றை அனுப்பிவைத்தார். பேர்க்லி அப்பூசணத்துக்கு இட்ட இலத்தீன் பெயரின் பின்பாதி, பாழாக்குவது என்று பொருள்படும். பெயருக்கேற்ப அது ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிப் பயிரைப் பாழாக்கிற்று. தமிழகத்திலிருந்து கடலும் காடும் கடந்து வந்து கோப்பிக் காடுகளில் உழைத்த மக்களின் பிழைப்பும் அதனோடு ஆட்டங் கண்டது. கோப்பி போய்ச் சிங்கோனா வந்தது. சிங்கோனா போய்த் தேயிலை நிலைத்தது. ஒவ்வொரு முறையும் மலைச்சரிவுகள் புதிதாகத் திருத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ, எவரோ திரட்டிய விதைகள் மூட்டைகளிலும் பெட்டிகளிலும் வந்திறங்கின.

அவ்விதைகளை வாங்கியோர் எதனைக்கொண்டு அவற்றை நம்பினர்? விற்பவன் சொல்லையா? விதையின் நிறத்தையா? விலையின் உயர்வையா? இவ்வினா ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. விதையைத் தானே திரட்டி வைத்துக்கொள்ளாமல் பிறரிடம் வாங்கத் தொடங்கிய நாள்தொட்டு உலகின் உழவர் அனைவர்க்கும் உரியது. இதற்கு முறையான விடை காணப் புகுந்தவர் ஓர் ஆசிரியர். அவர் அம்முயற்சியைத் தொடங்கியதும் அதே 1869ஆம் ஆண்டில் என்பது வியப்புக்குரிய பொருத்தமாகும். ஜேர்மனி நாட்டுப் பிரீட்ரிக் நொப்பே என்பது அவர் பெயர். விதைப் பரிசோதனை நிலையங்களில் பணிபுரிவோர் யாவரும் தம் துறையின் தந்தையெனப் போற்றும் பெயர் அது. ஆயினும் பாடநூல்களில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குக் கிடைத்த இடம் நொப்பேயின் முளைச்சட்டிக்குக் கிடைக்கவில்லை. அக்குறை சிறிதேனும் நீங்கும்பொருட்டே அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

நொப்பே 1830ஆம் ஆண்டு, ஜேர்மனியின் வடபுலத்துத் துறைமுக நகராகிய பிரேமனில் பிறந்தார். யேனா, பேர்லின் ஆகிய இடங்களில் இயற்கை விஞ்ஞானங்களைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர்ச் சாக்சனி நாட்டுக் கெம்னிட்ஸ் நகரில் ஆசிரியப் பணி பூண்டார். கெம்னிட்ஸ் நெசவாலைகளும் இயந்திரச் சாலைகளும் மலிந்த நகரம். அப்புகைசூழ்ந்த ஊரிலே அவர் செடிகளின் உணவை ஆராய்ந்து கொண்டிருந்தார்.

அவ்வாராய்ச்சியின் முறை எளிது. ஆனால் மிக்க பொறுமை வேண்டுவது. செடியை மண்ணில் நடாமல், உப்புகள் கரைந்த நீரில் வேரூன்றச் செய்து வளர்ப்பர். நீரில் எந்த உப்பு உண்டு, எது இல்லை என்பது ஆய்வாளனுக்குத் தெரியும். ஆதலின் ஒரு பொருளை நீக்கினால் செடிக்கு யாது நேர்கின்றதெனக் கண்கூடாகக் காணலாம். பொற்றாசியம் இல்லையேல் இலையில் மாப்பொருள் உருவாவதில்லை என்பதை நொப்பேயும் அவருடைய துணைவரும் பிற்காலத்தில் இம்முறையாலேயே நிறுவினர். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் பொற்றாசிய உரம் இடும் நம் மலைநாட்டு உழவர், தம்மையறியாமலே அவருக்குக் கடன்பட்டோராவர். செடி கூறுவதை ஊகிக்காமல் அளந்தறிதல் வேண்டும் என்னும் பழக்கம் அவருக்கு இவ்வாய்வுகளிலேயே ஊறியது எனலாம்.

1868இல் அவர் தாரண்ட் என்னும் சிற்றூருக்குப் பேராசிரியராய்ச் சென்றார். டிரெஸ்டன் நகருக்கு அணித்தாய், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. ஹைன்றிக் கொட்டா என்னும் வனவியல் அறிஞர் 1811இல் அங்கே நிறுவிய கல்விச்சாலை, உலகின் பழைய வனவியற் கல்லூரிகளுள் ஒன்றாகப் புகழ்பெற்றது. ஸ்டோக்ஹார்ட் என்னும் வேளாண் இரசாயன அறிஞரும் அங்கிருந்தே, விஞ்ஞானம் உழவனின் வாயிலுக்குச் செல்லவேண்டும் என்னும் கொள்கையைப் பரப்பினார். உரத்தில் கலப்படம் உண்டா இல்லையா என்பதை உழவர்பொருட்டுச் சோதித்துக் கூறும் ஆய்வுநிலையங்கள் சாக்சனியில் அதற்குமுன்பே தோன்றியிருந்தன. உரத்தைச் சோதித்தவர் விதையைச் சோதிக்க எண்ணவில்லை.

தாரண்டுக்கு வந்த மறு ஆண்டில், புல்விதை ஒன்றின் மாதிரி நொப்பேயின் கைக்கு வந்தது. கால்நடைத் தீவனத்துக்குரிய உயர்ந்த புல்லினத்தின் விதையென அது விற்கப்பட்டிருந்தது. அவர் அதனை உருப்பெருக்கியின்கீழ் வைத்து, மணிமணியாகப் பிரித்தெண்ணினார். பெயர் குறித்த புல்லின் விதை அதில் நூற்றுக்கு முப்பது பங்களவே இருந்தது. எஞ்சியவை வேறு புல்லும் களையும் குப்பையுமாம். பணம் கொடுத்தவன் தன் வயலில் தானே களையை விதைத்துக்கொள்ள இருந்தான்.

ஒரு மூட்டையில் இந்நிலையெனின் மற்றவை எவ்வாறிருக்கும் என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. கடைத்தெரு விதைகளை வாங்கிச் சோதிக்கலானார். அவர் கண்டவை நேர்மையுடையார் நெஞ்சைக் குலைப்பன. குளோவர் என்னும் தீவனப் பயிரின் விதை மிகச் சிறியது, கடுகினும் நுண்ணியது. அதனோடு கலப்பதற்கென்றே படிகக் கல்லை நொறுக்கி, சல்லடையில் சலித்து, விதையின் அளவுக்கும் நிறத்துக்கும் ஏற்பச் சாயமேற்றி விற்ற தொழில் பொகீமியா நாட்டில் நடைபெற்று வந்தது. பழைய விதைக்குச் சாயமிட்டுப் புதியதாகக் காட்டலும் உண்டு. குளோவர் விதையோடு, இலையும் வேரும் இன்றி மஞ்சள் நூல்போற் படர்ந்து பிற செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் கொடியின் விதையும் வயல்களுக்குச் சென்றது. கல் கலந்த விதை அவ்வாண்டின் விளைவைக் குறைக்கும். அக்கொடி கலந்த விதையோ பல்லாண்டு நிலத்தைக் கெடுக்கும்.

இங்கிலாந்தில் வேறொரு தந்திரம் நடந்தது. விலை மலிந்த விதையை வெப்பமூட்டிக் கொன்று, அதனை ஒத்த விலையுயர்ந்த விதையோடு கலப்பர். கலந்த விதை உயிரோடிருந்தால் வேறு செடி முளைத்துக் களவை வெளிப்படுத்திவிடும். செத்த விதை சான்று சொல்ல வராது. கொலையுண்ட சாட்சியைப்போல் அது மண்ணிலே மறைந்துபோகும். இக்கொடுமையைத் தடுக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் விதைக் கலப்படச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதுவும் 1869ஆம் ஆண்டிலேயே. விதையைக் கொல்லுதலும், சாயமிடுதலும், அத்தகைய விதையை விற்றலும் அச்சட்டத்தால் குற்றமாயின.

இவ்விடத்தே வாசகர் ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆங்கிலச் சட்டம், ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தவனையே தண்டித்தது. எண்ணமோ நெஞ்சினுள் இருப்பது. அதனை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் எளிதன்று. மேலும், எவரும் கொல்லாமலே கிடங்கில் கிடந்து செத்த விதையை விற்றவன் அச்சட்டத்துக்கு உட்படான். அவன் தீயவனாக இல்லாமலும் இருக்கலாம். தானும் அறியாமலே பிறரிடம் வாங்கி விற்றிருக்கலாம். ஆனால் உழவனுக்கு நேரும் இழப்பு இரண்டிலும் ஒன்றே. நொப்பே விற்பவனின் நெஞ்சை ஆராயப் புகவில்லை, விதையை ஆராய்ந்தார். விற்பவன் நல்லவனா என்னும் வினாவை விடுத்து, விதை எத்தகையது என்று கேட்டார். முன்னதற்கு விடை மனிதர்தோறும் மாறும். பின்னதற்கு விடை எண்ணால் அமையும். அவர் இயற்றிய பெருஞ்செயல் இதுவே என்பது என் துணிபு.

தாரண்டில் அவர் 1869இல் நிறுவிய விதைப் பரிசோதனை நிலையமே உலகில் முதலாவதென்பர். அங்கே கையாண்ட முறையைச் சுருங்கக் கூறுவேன். முதலாவது, மாதிரி எடுத்தல். மூட்டையின் மேலே கிடப்பதை ஒரு பிடி அள்ளினால் போதாது. மேலும் நடுவும் அடியுமாகப் பல இடங்களில் எடுத்துக் கலத்தல் வேண்டும். இரண்டாவது, தூய்மை காணல். நிறுத்தெடுத்த மாதிரியைப் பரப்பி, உரிய விதை, பிற விதை, உயிரற்ற குப்பை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிறுத்தல் வேண்டும். மூன்றாவது, முளைதிறன் காணல். தூய விதைகளை எண்ணி, ஈரமும் காற்றும் அளவோடு பெறும் நிலையில் வைத்து, குறித்த நாட்களில் முளைத்தவற்றை எண்ணுதல் வேண்டும். இதற்கென அவர் நுண்டுளை மண்ணாற் செய்த சட்டியொன்றை அமைத்தார். சுற்றியுள்ள வாய்க்காலில் ஊற்றும் நீர் மண்சுவரின் வழியே கசிந்து நடுக்குழியிலுள்ள விதைகளை நனைக்கும், மூழ்கடிக்காது. நம் வீட்டு மண்பானையில் நீர் கசிந்து குளிரும் இயல்பினையே அவர் இதற்குப் பயன்கொண்டார்.

தூய்மை எண்ணையும் முளைதிறன் எண்ணையும் பெருக்கி நூறால் வகுத்தால் விதையின் பயன்மதிப்புக் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். ஒரு மூட்டையில் தூய விதை நூற்றுக்கு 80; அத்தூய விதையில் முளைப்பது நூற்றுக்கு 50. இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் வருவது 40. நூறு இறாத்தல் விதைக்குப் பணம் கொடுத்தவன் உண்மையில் நாற்பது இறாத்தலே வாங்கினான். மலிவென எண்ணி வாங்கியது இரண்டரை மடங்கு விலையாய் முடிந்தது. நாலாம் வகுப்புச் சிறுவன் செய்யத்தக்க கணக்கு இது. ஆயினும் விதை வணிகத்தின் அடிப்படை இதனால் மாறிற்று.

வணிகர் இதனை எவ்வாறு ஏற்றனர்? இங்கே நொப்பேயின் உலகியலறிவு விளங்குகின்றது. வணிகரைப் பகைத்துக்கொள்வதால் உழவனுக்கு நல்விதை கிடைத்துவிடாது. ஆதலின் விதை நிலையத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ள விரும்பும் வணிகரை அவர் வரவேற்றார். வணிகர் தம் விதையின் தூய்மைக்கும் முளைதிறனுக்கும் எண்ணால் உறுதி கூறுவர். வாங்கியவர் மாதிரியை நிலையத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம். சொன்ன எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் இடையே குறைவு இருப்பின் வணிகர் ஈடு செய்வர். நேர்மையான வணிகர்க்கு இதனால் நட்டமில்லை. கல்லும் சாயமும் விற்றவரோடு விலைப்போட்டியில் தோற்றுக்கொண்டிருந்த அவர்களுக்கு இது பெரும் பாதுகாப்பாயிற்று.

1876இல் அவர் வெளியிட்ட விதையியற் கைந்நூல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. விதையின் உடலமைப்பு, முளைத்தல், சேமிப்பு, கலப்படம், சோதனை ஆகிய அனைத்தும் அதில் முறைப்படுத்தப் பெற்றன. அவர் முறை விரைந்து பரவிற்று. டென்மார்க்கில் மொலர் ஹோல்ஸ்ட் 1871இல் நிலையம் நிறுவினார். சுவிற்சர்லாந்தில் ஸ்டெப்லர் நிறுவினார். அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலும் எழுபதுகளிலேயே இச்சோதனை தொடங்கிற்று. நொப்பே முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. அவரும் ஹில்ட்னர் என்னும் இளைய அறிஞரும், அவரைக் குடும்பப் பயிர்களின் வேரில் வாழ்ந்து காற்றின் நைதரசனைச் செடிக்கு ஊட்டும் நுண்ணுயிர்களை வளர்த்து, விதையோடு கலந்து விதைக்கும் முறையைத் தொண்ணூறுகளில் வகுத்தனர். இன்று உயிர் உரமென வழங்குவதன் முதற்றோற்றங்களுள் அது ஒன்று.

நிலையங்கள் பெருகவே புதியதொரு சிக்கல் தோன்றிற்று. ஒரே விதைக்கு ஒரு நிலையம் ஓர் எண்ணும் மற்றொரு நிலையம் மற்றோர் எண்ணும் கூறினால் எதனை நம்புவது? படிக்கல்லே ஊருக்கு ஊர் வேறுபட்டால் தராசினாற் பயன் என்ன? இதனைத் தீர்க்க 1906இல் ஹம்பேர்க் நகரில் அறிஞர் முதன்முறையாகப் பன்னாட்டளவிற் கூடினர். இடையில் உலகப்போர் மூண்டது. போர் ஓய்ந்தபின் 1924இல் கேம்பிரிட்ஜில் சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் நிறுவப்பட்டது. நொப்பே அதனைக் காண உயிரோடில்லை. 1922இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில், தாம் உழைத்த தாரண்டிலேயே அவர் மறைந்தார். 1931இல் அச்சங்கம் பன்னாட்டுக்கும் பொதுவான சோதனை விதிகளை வகுத்தபோது, அதன் அடிக்கல்லாய் இருந்தவை அவர் காட்டிய தூய்மையும் முளைதிறனுமே.

நொப்பேயின் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. இரண்டு நெல்லினங்களின் மணிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் நன்றாக முளைக்கும். ஒன்று மூன்றரை மாதத்திலும் மற்றொன்று நான்கரை மாதத்திலும் விளைந்தால் வயலின் நிலை யாது? சட்டியில் முளைக்கவைத்து இதனை அறியவியலாது. பயிர் வளரும் வயலிலேயே அறிதல் வேண்டும். ஆதலின் விதையின் குலமுறையைக் காக்கும் ஏற்பாடு பின்னர் எழுந்தது. கனடாவில் 1904இல் அமைந்த விதை உற்பத்தியாளர் சங்கம் இவ்வழியில் முன்னோடியாகும். இனவிருத்தி செய்தவரின் மூலவிதையிலிருந்து படிப்படியாகப் பெருக்கி, அயல் மகரந்தம் வந்து சேராதபடி இடைவெளி விட்டு, கலவன் செடிகளைப் பிடுங்கி, அதிகாரிகள் வயலைப் பார்வையிட்டு, அறுவடைக்குப்பின் ஆய்வுக்கூடத்திற் சோதித்து, பையை முத்திரையிட்டுச் சீட்டுக் கட்டி விற்பர். இதுவே அத்தாட்சி பெற்ற விதை. வயற்பார்வை குலத்துக்குச் சான்று. நொப்பேயின் சோதனை உயிருக்கும் தூய்மைக்கும் சான்று. இரண்டும் கூடினாலன்றிச் சீட்டு எழுதப்படுவதில்லை.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்கள் தொடக்கத்தில் விதையாலேயே உண்டாயின. விதையை நீரிலிட்டு, அமிழ்வதை எடுத்து மிதப்பதைக் கழிக்கும் வழக்கம் தோட்டத்து நாற்றுமேடைகளில் இருந்தது. அது நல்லதொரு சோதனையே. ஆயினும் உயிருள்ளதையும் அற்றதையும் ஓரளவு பிரிக்குமன்றி, குலத்தைக் காட்டாது. தேயிலைப் பூ அயல் மகரந்தத்தால் கருவுறுவது. ஆதலின் விதையால் உண்டான தோட்டத்தில் செடிக்குச் செடி இலையும் விளைவும் வேறுபடும். ஒரே நிரையில் ஒரு செடி கைநிறையக் கொழுந்து தரும். அடுத்தது விரலளவே தரும். கூடையின் நிறையைக் கொண்டு கூலி பெறும் பெண்ணுக்கு, அவள் பிறக்குமுன் எவரோ வாங்கிய விதையின் தரமே அன்றாட வருவாயாகி விடுகின்றது. பிற்காலத்தில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்த செடிகளின் துண்டுகளை வேரூன்றச் செய்யும் முறையைப் பரப்பியதும், வீ.பி. தேயிலை எனத் தோட்டத்தார் வழங்கும் செடிகள் மலைகளிற் பரவியதும் இக்குறை நீக்கவே.

தேயிலை விதை விற்பனைக்கு ஒரு காலத்தில் கடுமையான விதியும் இருந்தது. 1933ஆம் ஆண்டுச் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையின்படி இலங்கை, இந்தியா, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய நாடுகளிலிருந்து விதையையும் நடுபொருளையும் வெளிநாடுகளுக்கு அனுப்புதல் தடைசெய்யப்பட்டது. அஃது உழவனைக் காக்க எழுந்த விதியன்று. உலகில் தேயிலை பெருகி விலை வீழாதபடி காக்க எழுந்த விதி. விதையைப் பற்றிய விதிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாம். யாருடைய நலத்துக்காக ஒரு விதி எழுந்தது என்று கேட்டறிதல் நம் கடனாகும்.

உழவன் நலங்கருதி எழுந்த விதிகள் நம் பகுதியில் காலந்தாழ்த்தே வந்தன. இந்தியாவில் 1966இல் விதைச் சட்டம் நிறைவேறிற்று. அறிவிக்கப்பட்ட இனங்களின் விதையை விற்பவர், அது குறித்த தரத்துக்குக் குறையாதிருக்கவும், பையின்மேல் விவரச்சீட்டு இருக்கவும் கடமைப்பட்டவர். சான்று பெறுதல் விருப்பத்தின்பாற்பட்டது. விவரம் எழுதுதலோ கட்டாயம். சான்று பெற்ற நெல்விதையின் தூய்மை நூற்றுக்கு 98க்கும், முளைதிறன் 80க்கும் குறையலாகாது. ஈரம் 13க்கு மிகலாகாது. ஆதாரவிதைக்கு வெண்சீட்டும் சான்றுவிதைக்கு நீலச்சீட்டும் கட்டுவர். ஓர் உழவர் தாம் விளைத்த விதையைத் தம்மிடத்திலேயே மற்றோர் உழவர்க்கு நேரே கொடுப்பதை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. கொடுப்பவரையும் அவர் வயலையும் வாங்குபவர் அறிவர். அங்கே சீட்டு வேண்டுவதில்லை. கண்காணாத தொலைவிலிருந்து வரும் மூட்டைக்கே சீட்டு வேண்டும். அண்டை வீட்டார் கைமாற்றாகக் கொடுக்கும் ஒருபிடி விதையைக் குற்றமாக்கும் சட்டம் எங்கேனும் எழுமாயின், அது நொப்பேயின் வழியில் வந்ததாகாது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் தேசிய விதைச் சபையை நிறுவிற்று. விதையைக் கையாளும் தொழில் புரிவோர் பதிவுசெய்தல் வேண்டும் என்றும், விதையின் தரம் காக்கப்படல் வேண்டும் என்றும் விதித்தது. விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப் பணி பேராதனைக்கு அருகே கன்னொறுவையைத் தலைமையிடமாகக் கொண்டது. மடுல்சீமையின் நோயுற்ற இலை 1869இல் சென்று சேர்ந்த பேராதனைக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ள இடமே அது.

இச்சட்டம் வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடுவோர்க்கு ஏட்டுச்சட்டமன்று. விதைக்கிழங்கு கண்ணுக்கு அழகாயிருக்கலாம். அதனுள் மறைந்துள்ள நச்சுயிர் நோய் இலை விரிந்தபின்னரே வெளிப்படும். அப்போது கடனும் உரமும் உழைப்பும் மண்ணுக்குள் போய்விட்டிருக்கும். தோட்டத்து லயங்களின் பின்புறத்தே சிறுநிலம் திருத்திக் காய்கறி செய்யும் குடும்பங்கள் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. சில ஆண்டுகட்குமுன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை, மனைவியின் தோட்டை அடகு வைத்த பணத்திற் போஞ்சி விதையும் உரமும் கொடி படரக் கம்புகளும் வாங்கினார். பாத்தியில் பாதிக்குமேல் முளைக்கவில்லை. கடைக்காரர் மழையைக் காரணம் காட்டினார். அவரும் விதையை வேறொருவரிடம் வாங்கி விற்றவரே. விதை வந்த உறையும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை, எவரிடம் முறையிடுவது? அப்போகம் போயிற்று, தோடும் மீளவில்லை. அம்மாணவன் அவ்வாண்டு பள்ளிக்கு வந்த நாட்கள் குறைந்தன. விதையின் முளைதிறன் என்பது வெறும் விஞ்ஞானச் சொல்லன்று என்பதை நான் அவன் வெற்றிருக்கையிற் கண்டேன்.

அன்றுமுதல் இலக்கண வகுப்பிற்கூட இதனைச் சொல்லிவருகின்றேன். இளையான்குடி மாறனார் நள்ளிரவில் மழையில் நனைந்து, அன்று விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்து அடியார்க்கு அமுதளித்த வரலாற்றைப் படிப்பிக்கும்போது, முளையின் அருமை யாது என மாணவரை வினவுவேன். பின்பு நொப்பேயைப் பற்றிக் கூறுவேன். அவருடைய சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. நூறு விதைகளை எண்ணி, ஈரத்துணியிற் பரப்பிச் சுருட்டி, வீட்டினுள் வைத்துத் துணி உலராமல் நீர் தெளித்து, அவ்வினத்துக்குரிய நாட்களின்பின் முளைத்தவற்றை எண்ணினால் போதும். அறுபதுதான் முளைத்ததென்றால், விதையை மாற்றலாம். அன்றேல் அதற்கேற்ப அதிகமாக இடலாம். எதுவாயினும் நிலத்தில் இடுமுன் தெரிந்துவிடும். வாங்கும்போது சோதித்த தேதியைப் பார்த்தலும், உறையையும் பற்றுச்சீட்டையும் அறுவடைவரை காத்துவைத்தலும் வேண்டும். நம் மலைகளின் ஈரக்காற்றில் விதை விரைந்து முதிர்ந்து உயிரிழக்கும். சென்ற ஆண்டின் சான்று இவ்வாண்டின் விதைக்குச் சான்றாகாது. இந்தியாவிலும் சான்றுவிதைச் சீட்டுக்குச் சோதனை நாள்முதல் ஒன்பது மாதமே முதலில் ஆயுள் வகுத்துள்ளனர். அதன்பின் மீண்டும் சோதித்தாலன்றிச் சீட்டு நீடிக்காது.

சட்டம் விற்பவனைக் கட்டுப்படுத்தும். அதிகாரி சிலவேளை வந்து மாதிரி எடுப்பார். ஆயினும் வாங்குபவன் எண்ணத் தெரியாதவனாயின் பையின்மேல் அச்சிட்ட எண் அவனுக்கு வெறுங்கோலமே. பெயர் மாத்திரம் படித்து வாங்குகின்ற வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. படம் அழகாயிருந்தால் விதையும் நன்றாயிருக்கும் என்று எண்ணுவோரும் உளர். உறையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள முளைதிறன், தூய்மை, தேதி ஆகிய மூன்றையும் தந்தைக்குப் படித்துக்காட்டத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருத்தல் வேண்டும். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதனினும் பயனுள்ள வாசிப்புப் பயிற்சி வேறில்லை. ஆசிரிய அன்பர்கள் வரும் தவணையில் ஒரு நாளேனும் நூறு பயற்றம் விதையையும் ஓர் ஈரத்துணியையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வாராக.